பன்னிரண்டாம் நம்பர் சோளம்

சோளத்தின் மூன்றாவது இலையைத் திருப்பிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துப் பேன் எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றுப் பதினேழு வரை வந்தாயிற்று. வரப்பில் களைக்கொத்தோடு போன ஒரு பெண் நின்றாள்.

"ஏடி, பேனு பாக்குற சார் வந்துட்டாருடி. எல்லாரும் கொண்டைய அவுத்துவிட்டு வரிசையா உக்காருங்க."

பின்னால் வந்தவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்தப் பேச்சையும் கேட்டாக வேண்டுமா என்று அன்று எரிச்சலாக இருந்தது. வயது இருபத்து நான்கு. எரிச்சல் வருகிற வயதுதான்.

அகரத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊர் அது. பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது படித்து முடிக்கும்போது தெரியும். ஐம்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே இருந்தால் யாரும் சண்டைக்கு வரவேண்டாம். சென்ற வாரம் கொடைரோடு ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியைத் தொலைத்த கதையை எழுதியதற்கே, "அந்த வருடம் அந்த ரயில் அந்த நேரத்துக்கு வராது" என்று ஒரு வாசகர் நாலு பக்கத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறார். ரயில் எப்போது வந்தால் என்ன ஐயா, பெட்டி போனது போனதுதானே!

சரி, பேனுக்கு வருகிறேன்.

மாடு முகம் திருப்பிய தட்டை

விவசாய இலாகாவில் தற்காலிக பீல்டுமேன் வேலை எனக்கு. திண்டுக்கல்லில், ஒரு பூட்டுப் பட்டறையின் மாடியில் அறை. விடிந்ததிலிருந்து அரம் ராவுகிற சத்தம். பல் கூச்சம் அந்த நாளில் பிடித்தது, இன்னும் விடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலையை நீட்டித்து ஆர்டர் வரும். வராமலும் போகலாம். நத்தத்தில் எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பா, "வேலை பெர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் தேதி பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுத் தாம்பூலத்தட்டைத் தன் பக்கமே நகர்த்தி வைத்துக்கொண்டார்.

இலாகா தாளில் அந்தப் பூச்சிக்கு அசுவினி என்று பெயர். ஊரில் பேன். கடுகில் பாதிகூட இருக்காது. மஞ்சளும் பச்சையுமாக இலையின் அடியில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அது கழிக்கிற இனிப்புத் தண்ணீர் கீழ் இலையில் சொட்டிப் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பில் கரி பூத்தது மாதிரி ஒரு கறுப்பு படரும். கதிர் சூம்பிப் போகும்.

கதிர் சூம்பினால் மனிதன் எப்படியோ சமாளித்துக்கொள்வான். கம்போ கேப்பையோ தின்பான். கதிர் அறுத்த பின் மாட்டுக்குப் போடுகிற தட்டை கெட்டால் மாட்டுக்கு வேறு வழியில்லை. கரி படிந்த தட்டையைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். மாடு ஒருமுறை மோந்து பார்த்து, மூக்கை உதறி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. பசியோடு நிற்கிற மாடு அப்படித் திருப்புகிறபோது பார்க்கச் சகிக்காது.

அந்த ஊர் வெள்ளைச்சாமி அதைப் பார்த்தவர். முந்தின வருடம் தட்டை முழுக்கக் கெட்டு, உழவு மாடு இரண்டில் ஒன்றைச் சந்தைக்கு ஓட்டிவிட்டு வந்தவர். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு, பக்கத்துக் காட்டுக்காரரின் ஒற்றை மாட்டோடு ஜோடி சேர்த்து உழுதுகொண்டிருந்தார். அதனால்தான் நான் போய்ச் சோதனைக்கு நிலம் கேட்டதும் கொடுத்தார். "பேனு விழாத சோளம்னு ஒண்ணு இருந்தாக் காட்டுங்க சார், ஒங்க காலத் தொட்டுக் கும்புடுறேன்" என்றார். அவர் மனைவி ராமாயி. முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். பேசினால் நேராகப் பேசுவார்.

பன்னிரண்டு பொட்டலம்

ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து பன்னிரண்டு காகிதப் பொட்டலங்களில் சோள விதை வந்திருந்தது. பெயர் கிடையாது, நம்பர் மட்டும். ஒவ்வொரு ரகத்தையும் வயலில் மூன்று வெவ்வேறு இடங்களில், மாற்றி மாற்றி விதைக்க வேண்டும் என்று ஒரு தாளில் தெளிவாக டைப் அடித்து அனுப்பியிருந்தார்கள்.

நான் ஒரே இடத்தில் விதைத்தேன்.

காரணம் சொல்கிறேன், கேளுங்கள். புரட்டாசி கடைசி. தெற்கே சிறுமலைப் பக்கம் இல்லை, வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது மேகம். வெள்ளைச்சாமி ஒதுக்கியிருந்த நிலம் கைக்குட்டை அளவு. மூன்று இடத்தில் எதற்கு? இங்கே பேன் விழாத ரகம் பத்தடி தள்ளி வைத்தால் மட்டும் விழுந்துவிடுமா? இப்படி நினைத்தேன். படித்தவன் செய்கிற மடத்தனத்துக்கு எப்போதும் ஒரு நியாயம் கைவசம் இருக்கும். ஒவ்வொரு ரகமும் ஒரு வரிசை, வடக்கிலிருந்து தெற்காக ஒன்று முதல் பன்னிரண்டு என்று முளைக்குச்சியில் எழுதி நட்டுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

அப்புறம் வாரா வாரம் புதன்கிழமை போவேன். வரிசைக்குப் பத்துச் செடி, செடிக்கு மூன்று இலை. மார்கழி மூட்டம் போட்டதும் பேன் பெருகியது பாருங்கள், அடேயப்பா! மூன்றாம் நம்பர் தட்டை கரும்பு மாதிரி இனிக்கும், நானே கடித்துப் பார்த்திருக்கிறேன். அதில்தான் அதிகம். எட்டு, ஒன்பது இரண்டும் கறுத்தே போயின. ஏழாம் நம்பரில் மட்டும் கொஞ்சம் குறைவு.

பன்னிரண்டில் ஒன்றுமே இல்லை. மிஞ்சினால் ஒன்று. சில வாரம் அதுவும் இல்லை. இலை கழுவி வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. நான் துள்ளிக் குதிக்காத குறை. திண்டுக்கல்லுக்கு வந்து ஆபீசரிடம் தாளை நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். "பிரமாதம்ப்பா. உன் பெயரை மேலே எழுதுகிறேன்" என்றார். நல்ல மனிதர். ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தவர். அவசரக்காரர், அவ்வளவுதான். அன்றைய தபாலிலேயே ரிப்போர்ட் போய்விட்டது.

கன்னிமூலை

தை கடைசியில் அறுப்பு. நான் போனபோது பன்னிரண்டாம் வரிசையை ராமாயி மட்டும் தனியாக அறுத்துக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வந்திருந்தார், தலை ஈரமாக இருந்தது. அறுத்த கதிரைத் தரையில் போடாமல் ஒரு நார்ப்பெட்டியில் வைத்தார்.

"இதை மட்டும் ஏம்மா தனியா அறுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"இது சாமி வரிசை சார். கன்னிமூலையில மொத வரிசை அம்மனுக்கு. இந்தச் சோளத்துலதேன் முளைப்பாரி போடுவோம்."

கன்னிமூலை என்றால் நிலத்தின் தென்மேற்கு மூலை. அங்கேதான் எதையும் தொடங்குவார்கள். நான் வடக்கிலிருந்து எண்ணிக் கடைசி என்று குச்சி நட்ட இடம் அவர்களுக்கு முதல் இடம்.

"சாமி வரிசையா இருக்கப்போய்த்தான் பேனே விழல போலிருக்கு" என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன்.

"விழாம எங்க போச்சு? நாங்க விட்டாத்தானே! செவ்வா, வெள்ளி குளிச்சிட்டு வந்து, மஞ்சத் தண்ணியில துணிய நனைச்சு, எலை எலையா அடியில தொடச்சு விட்டுருவேன். பேனு மேஞ்சதச் சாமிக்கு வைக்கலாமா? எங்க மாமியா இருந்தப்பவும் இப்பிடித்தேன்."

செவ்வாய்க்கிழமை அவர் துடைத்திருக்கிறார். புதன்கிழமை நான் எண்ணியிருக்கிறேன்.

"இதை ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலையே சார். குனிஞ்ச தல நிமிராம எண்ணிக்கிட்டே இருந்தீக."

அன்று மாலையே ஆபீசரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போனேன். அவர் அறை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே யாரிடமோ என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "கெட்டிக்காரப் பையன், கன்பர்மேஷனுக்கு எழுதியிருக்கிறேன்" என்று காதில் விழுந்தது. அப்படியே திரும்பிப் படியிறங்கிவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். சித்திரை போனது, ஆடி போனது.

மூன்று சொல்

ஆவணிக் கடைசியில் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து பன்னிரண்டாம் நம்பர் விதை இரண்டு மூட்டை வந்து இறங்கியது. ஆபீசரே ஜீப்பில் அந்த ஊருக்கு வந்தார். பள்ளிக்கூட வராந்தாவில் மூட்டையைப் பிரித்து வைத்து, மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

"இனிமே இந்த ஊர்ல பேனுக்குச் சோறு கிடையாது" என்றார் ஆபீசர். எல்லாரும் சிரித்தார்கள். ஊர்ப் பெரியதனக்காரர் படியை எடுத்து விதையை முகந்தார். சோதனைக்கு நிலம் கொடுத்தவர் என்று வெள்ளைச்சாமியை முதலில் கூப்பிட்டார்கள். அவர் துண்டை விரித்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ராமாயி எழுந்தார்.

"ஐயா, செத்த நிறுத்துங்க. அந்த வரிசையில பேனு விழாம இல்ல. நாந்தேன் தொடச்சுவிட்டேன். சார்கிட்டயும் அறுப்பன்னைக்குச் சொன்னேன். இத நம்பி ஊரு பூராம் வெதச்சா, தட்டைக்கு எங்க போறது? இருக்குற மாடும் போயிருமே ஐயா."

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "என்னப்பா, உன்கிட்ட சொன்னாங்களா?"

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

மூன்றே சொல். யோசித்துச் சொன்னதல்ல, தானாக வந்தது. அது இன்னும் மோசம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆபீசர் கோபப்படவில்லை. "அம்மா, நீங்க துணியால தொடச்சு விட்டாப் போறதுக்கு இது என்ன ஜன்னல் கண்ணாடியா? லட்சக்கணக்கான பூச்சிம்மா" என்றார் சிரித்தபடி. வெள்ளைச்சாமிக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏ, சும்மா ஒக்காரு. பெரியவுக இருக்குற எடத்துல என்ன பேச்சு?" என்று அதட்டினார்.

ராமாயி உடனே உட்காரவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேள்வி எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ, மறுபடி பதில் சொல்வேனோ என்று காத்திருந்த மாதிரி இருந்தது. நான் விதை மூட்டையின் தையலைப் பார்த்தேன். அப்புறம் உட்கார்ந்தார்.

அந்த மாதமே எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. ஐப்பசியில் கல்யாணம். வெள்ளைச்சாமி ஒரு பூசணிக்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

வாய் வைத்தவர்

மார்கழி பிறந்தது. பன்னிரண்டாம் நம்பர் விதைத்த அத்தனை காட்டிலும் பேன். இத்தனை நாள் நான் பார்த்த எந்த ரகத்திலும் அப்படிப் பார்த்ததில்லை. காட்டுக்குள் நடந்தால் வேட்டி பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். தட்டை அறுத்துப் போட்டார்கள், கறுப்பாகக் கிடந்தது. பாதிப் பேர் அதை அடுக்கிப் படப்புகூடப் போடவில்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் வண்டி கட்டிக்கொண்டு போய் அங்கிருந்து தட்டை வாங்கி வந்தார்கள். முடியாதவர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். வெள்ளைச்சாமியின் தொழுவம் காலியானது.

எங்களைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆபீசர் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். திட்டு வாங்க நான் ஒருவன்தான் பாக்கி.

ஒருவரும் திட்டவில்லை. "விதை அளக்குற எடத்துல அந்தப் பொம்பள வாய் வச்சிட்டா" என்றார்கள். அந்தப் பக்கத்தில் விதை அளக்கும்போது அதன்மேல் யாரும் ஒரு குறை சொல்லக்கூடாது. வாயைத் திறக்காமல்கூட அளப்பார்கள். அந்த நேரத்தில் எழுந்து "இதில் பேன் விழும்" என்றார் ராமாயி. பேன் விழுந்தது. அதற்கு மேல் அவர்களுக்கு என்ன சாட்சி வேண்டும்? போதாததற்கு, அம்மனுக்கு விட்ட வரிசையைச் சபையில் இழுத்துப் பேசிவிட்டாராம். அம்மனுக்கும் கோபமாம்.

பங்குனியில் அம்மன் திருவிழா சாட்டினார்கள். முளைப்பாரி என்றால் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஓட்டிலோ கூடையிலோ எரு பரப்பி, தானியம் தூவி, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து முளைக்க வைப்பார்கள். நாணல் மாதிரி வெளிறி நெடுநெடுவென்று வளரும். பெண்கள் அதைத் தலையில் சுமந்துகொண்டு கும்மி கொட்டிப் போவார்கள். அந்த ஊரில் ராமாயி போடுகிற முளைப்பாரிதான் முன்னால் போகும். அவர் கைக்கு அப்படி முளைக்கும் என்று பேர்.

அந்த வருடம் அவர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதை என்னிடம் சொன்னது வெள்ளைச்சாமி. திண்டுக்கல்லுக்கு வந்தவர், பட்டறை மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னார். "மாடு போனதுக்கு அழுகல சார் அவ. இதுக்கு ரெண்டு நாளாச் சோறு திங்கல." ராத்திரி என் மனைவி சாதம் போட்டாள். எனக்கும் இறங்கவில்லை. குற்ற உணர்ச்சி என்று நாசூக்காக எழுதலாம். வெட்கம் என்பதுதான் சரி. அசிங்கமாக இருந்தது.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் விவசாயம் தெரிந்த வாசகர்கள் விடமாட்டார்கள். அடுத்த வருடம் அரசுப் பண்ணையில் அதே பன்னிரண்டு ரகத்தையும் தாளில் சொன்னபடி மூன்று இடத்தில் விதைத்தேன். பன்னிரண்டாம் நம்பர் மூன்று இடத்திலும் பேன் பிடித்துச் சீரழிந்தது. மூன்று இடத்திலும் ஓரளவு தாக்குப் பிடித்தது ஏழாம் நம்பர். முதல் வருடமே என் தாளில் அது இருந்தது, நான்தான் திரும்பிப் பார்க்கவில்லை. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், களி கிண்டினால் கசக்கிறது என்று யாரும் வாங்கவில்லை. அது வேறு கதை.

சபையில்

அந்தப் பங்குனித் திருவிழாவுக்கு எட்டு நாள் முன்னால் ஊர்க்கூட்டம். நான் போனேன். வேலை நிரந்தரமான பிறகு உண்மை பேசப் போவதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை, தெரியும்.

கோயிலுக்கு எதிரே மந்தையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியதனக்காரர் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். உட்காராமல் நின்றபடி சொன்னேன். ராமாயி சொன்னது நிஜம். அறுப்பு நாளிலேயே என்னிடம் சொன்னார். ஆபீசர் கேட்டபோது தெரியாது என்று நான்தான் பொய் சொன்னேன். என் வேலைக்காகச் சொன்னேன். அந்த விதை முதலிலிருந்தே பேனுக்குத் தாங்காத விதை. மூன்று இடத்தில் விதைக்கச் சொன்னதை ஒரே இடத்தில் விதைத்ததும் நான்தான். அவர் வாய்க்கும் பேனுக்கும் சம்பந்தம் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்றையும் விடவில்லை.

பெரியதனக்காரர் மெல்லத் தலையை ஆட்டினார்.

"பாத்தீகளாப்பா, சாரு எம்புட்டு நல்ல மனுசன்னு! ஒரு பொம்பளப் பிள்ள அழுகுதுன்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறாரு."

"ஐயா, நான் நிஜமாத்தான்..."

"இருக்கட்டும் சார், இருக்கட்டும். ஆபீசரு அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி கேட்டப்ப நீங்க சொன்னத நாங்க எல்லாரும் கேட்டோம்ல. படிச்ச புள்ள, அரசாங்க உத்தியோகம், அந்த எடத்துல பொய் சொல்லுவீகளா? ஏலே, சாருக்கு எளநி வெட்டுங்கடா."

அடுத்தடுத்து மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். மூன்று பேரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மனசு யாருக்கு வரும் சார்" என்றார்கள். முளைப்பாரித் தடை அப்படியே நின்றது. இளநீரை வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லை. வாங்கிக் குடித்தேன்.

பஸ் நிற்கிற இடத்துக்கு ராமாயியின் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நடந்தது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் நின்றேன்.

அவரே பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்த மனிதரிடம் மழை பற்றிப் பேசுகிற குரலில் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க வாயத் தொறந்துகூடச் சொல்லியிருக்க வேண்டாம் சார். லேசாத் தலைய ஆட்டியிருந்தாப் போதும்."

வெங்காயத்தை முறத்தில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்துகொண்டேன்.